அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் வந்தேன்

2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பது. நேற்றைய ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் தொள்ளாயிரம். வெளியிலிருந்து வருகிற கிருமியை முதல் ஆளாகப் போய் மறிக்கும் வெள்ளணுவுக்கு அந்தப் பெயர். சாதாரண ஆளுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். இந்த எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கப்போகிறது.

ஏலே, இப்போது உனக்கு ஐந்து வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அம்மாச்சி வீட்டில் வேப்பிலைக்கு மேல் வெள்ளை வேட்டி விரித்துப் படுத்திருக்கிறாய். உனக்கு அம்மை போட்டிருக்கிறது, சின்னம்மை. நான் அரை மணி நேர பஸ் தூரத்தில், ராஜபாளையத்தில், புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு முத்து தெரிவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் உன்னை வந்து பார்த்தேன். அம்மை முத்து தெரிவதற்கு முன்பே ஒட்டக்கூடியது. எனக்கு ஒட்டியிருந்தால், இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அதைத் தாங்குவது கஷ்டம். நுரையீரல் வரை போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். நீ வளர்ந்து, மீசை வைத்த பிறகு படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு எது ஆனாலும் ஆகாவிட்டாலும், ஒரு நாள் யாராவது உன்னிடம், 'உன் மூலமாத்தான் உங்க அப்பனுக்கு வந்துச்சு' என்று சொல்வார்கள். அதற்கு முன்னால், நடந்தது நடந்தபடி என் கையெழுத்தில் உன்னிடம் இருக்க வேண்டும்.

எனக்கு வந்திருப்பது நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்று. கழுத்தில் ஒரு கட்டி, வலி கிடையாது. சவரம் பண்ணும்போது கையில் தட்டுப்பட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு முறை, அதில் ஏழு முடிந்துவிட்டது. எல்லாரும் என்னிடம் 'பயமா இருக்கா' என்று கேட்கிறார்கள். பயம் இருக்கிறதுதான். ஆனால் அதைவிட எனக்கு இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது. முதல் நாள் நாலு மருந்து தொங்கவிட்டார்கள். ஒன்று ரோஸ்மில்க் நிறம், அன்றைக்குச் சிறுநீரும் அதே நிறத்தில் போனது. இன்னொன்றுக்கு மட்டும் கறுப்புக் கவர் மாட்டினார்கள். ஏன் சிஸ்டர் என்றேன். 'வெளிச்சம் பட்டா கெட்டுரும் சார், பேசாம படுங்க' என்றார். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற ஒன்று உடம்புக்குள் இருட்டில் போய் என்ன செய்யும் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டு கிடந்தேன். வேகமாகப் பெருகுகிற செல்லாகப் பார்த்து அடிக்கிற மருந்துகள் அவை. புற்றும் வேகமாகப் பெருகும், முடியும் வேகமாக வளரும், வாய்க்குள் இருக்கிற தோலும் அப்படித்தான். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் அடிக்கும். என் கைவிரல் நகங்களில் கறுப்பாகக் குறுக்குக் கோடுகள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் புதிதாக ஒரு கோடு. கட்டைவிரலில் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளந்துபார்த்தேன், பதினைந்து நாளில் நகம் எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் எனக்கு இது புதுச் செய்தி.

வாய் ருசி கதை தனி. தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் குடித்தேன், கண்ணாடியில் குடித்தேன், மண் குவளையில் குடித்தேன், எல்லாவற்றிலும் அதே இரும்பு. அப்போதுதான் கோளாறு பாத்திரத்தில் இல்லை, நாக்கில் என்று முடிவுக்கு வந்தேன். உன் ஊர்ப் பால்கோவா சோப்புக் கட்டி மாதிரி இருந்தது, மன்னித்துக்கொள். புளித்த மோரும் நார்த்தங்காய் ஊறுகாயும் மட்டும் பழைய ருசியில் இருக்கின்றன. கடுகு தாளிக்கிற வாடை வந்தால் குமட்டிக்கொண்டு வரும். அதனால் என் அம்மா, அதாவது உன் அப்பத்தா, வீட்டில் தாளிப்பதையே நிறுத்திவிட்டார். இப்போது நீ படுத்திருக்கிற வீட்டிலும் தாளிப்பு கிடையாது, அம்மை போட்ட வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது என்பார்கள். இரண்டு ஊரில் இரண்டு வீடு, இரண்டிலும் சப்பென்று ரசம். நோய் வேறு, காரணம் வேறு, ரசம் ஒன்று.

நான் ஸ்பின்னிங் மில்லில் மெஷின்களின் எலக்ட்ரானிக்ஸ் பார்க்கிறவன். பஞ்சு பறக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டதால், பையன்கள் எனக்கு போன் போட்டு, 'சார், இது ஒரு மாதிரி கத்துது, கேளுங்க' என்று போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்காது. போனுக்கு மனிதப் பேச்சு மட்டும்தான் வேண்டும். ஒரே மாதிரி தொடர்ந்து வருகிற சத்தத்தை இரைச்சல் என்று வெட்டிவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்ச் கடைசி வாரத்தில் நீ வீடியோ காலில் வந்து, 'அப்பா, எனக்குச் சீட்டி அடிக்க வந்துருச்சு' என்றாய். உதட்டைக் குவித்தாய், கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. 'கேட்டுச்சா?' என்றாய். கேட்டது என்று பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. 'இல்லைலே, போன் வெட்டுது' என்றேன். நீ மறுபடி ஊதினாய், மறுபடி கேட்டாய். நாலு தடவை. கடைசியில், 'நீங்க பொய் சொல்றீங்க, நான் நல்லாத்தான் அடிக்கேன்' என்று போனை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். கூட்டத்துக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒட்டாமல் இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் உன்னையும் உன் அம்மாவையும் அங்கே விட்டிருந்தோம். எல்லாம் தெரிந்துதான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நீயும் கூப்பிடவில்லை. நீ என் மடியில் ஏறி, முகக்கவசத்தைக் கழுத்துக்கு இழுத்துவிட்டு, முகத்துக்கு நேரே ஊதினாய். பாதி காற்று, பாதி எச்சில், நடுவில் மெல்லிசாக ஒரு சத்தம். நிஜமாகவே சீட்டிதான். 'இப்பக் கேட்டுச்சா?' என்றாய். கேட்டது என்றேன். இரண்டு மணி நேரம் ஊதினாய். ஒரு தடவைகூட நான் முகத்தைத் திருப்பவில்லை, கவசத்தையும் மேலே ஏற்றவில்லை. உன் அம்மா இரண்டு முறை 'ஏங்க' என்றாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா போன் பண்ணினாள்.

"ஏங்க, பதறாதீங்க. இவனுக்கு முதுகுல ரெண்டு முத்து இருக்கு. வயித்துல ஒண்ணு."

"கொசுக்கடியா இருக்கும்."

"கொசுக்கடி எனக்குத் தெரியாதா? தண்ணி கோத்துருக்கு. பள்ளிக்கூடத்துல நாலு பிள்ளைகளுக்கு இருக்காம். ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சிலயே ஊதிக்கிட்டு இருந்தான்."

"நான்தான உக்காந்திருந்தேன்" என்றேன்.

அவள் அழுதாள். நான் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். மறுநாள் வரச் சொன்னார்கள். அம்மா கூட வந்தார். மதுரையில் டாக்டர் முதல் கேள்வியாக, "சின்ன வயசுல உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கா?" என்றார். வந்திருந்தால் உடம்பில் அதற்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும், ஓரளவு நிம்மதி. நான் வாயைத் திறக்குமுன் அம்மா பதில் சொன்னார்: "வந்திருக்கு டாக்டரம்மா. அஞ்சு வயசுல. மூத்தவனுக்குத்தான் முதல்ல போட்டுச்சு. அவன்கிட்ட இருந்து இவனுக்கு. ரெண்டு பேருக்கும் நான்தான் மூணு தண்ணி ஊத்துனேன்."

டாக்டருக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லது. இருந்தாலும் ஒரு டெஸ்ட் அனுப்பிருவோம்" என்றார். மூணு தண்ணி என்றால் அம்மை இறங்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேறிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவது. மூன்றாவது தண்ணீருக்குப் பிறகுதான் பிள்ளை வாசல் தாண்டலாம்.

எனக்கு ஒரு பதிலைக் கேட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. காரில் திரும்பி வரும்போது அம்மாவைக் குடைந்தேன். "எனக்கு எத்தனை முத்து இருந்துச்சு?"

"அம்மாளோட முத்தை எண்ணுவாகளாலே? வாயைக் கழுவு."

"சரி, எங்கெங்க இருந்துச்சு?"

"உடம்புலதான்."

"தண்ணி கோத்திருந்துச்சா, சும்மா சிவப்பாவா?"

"நீ என்ன போலீஸா? ரெண்டு பேரும் ஒரே வேப்பிலையில படுத்துக் கெடந்தீக. ரெண்டு பேருக்கும் தண்ணி ஊத்துனேன். அம்புட்டுத்தான்."

"அண்ணனுக்கு மட்டும் வந்திருந்தா எனக்கு ஊத்தியிருக்க மாட்டியா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அதெப்படி? ஒருத்தனுக்கு ஊத்தும்போது கூடப் படுத்தவனுக்கும் ஊத்தித்தானலே ஆகணும்."

அங்கேதான் ஆட்டம் கண்டது. தண்ணீர் ஊற்றியது நடந்தது, அது உண்மை. ஆனால் அம்மை வராவிட்டாலும் எனக்கு ஊற்றியிருப்பார். அப்படியானால் ஊற்றியதை வைத்து வந்தது என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நீ படிச்ச படிப்பை எங்கிட்டக் காட்டாத" என்று தூங்கிவிட்டார். தழும்பு இருந்தால் தெரிந்துவிடும் என்று வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தேடினேன். புருவ முடி கொட்டியிருந்ததால் இடது புருவத்தில் ஒரு குழி தெரிந்தது. 'பாத்தியா, அம்மைத் தழும்பு' என்றார் அம்மா, வழக்கில் ஜெயித்த மாதிரி.

அன்று சாயங்காலம் உன் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தார், இப்போது வடக்கே எங்கோ குளிரில் இருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர், அப்போது ஒன்பது வயது. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, எனக்கு நிஜமா அம்மை போட்டுச்சா?"

"ஏன்லே, அம்மா சொல்லலையா?"

"அம்மா சொல்றது வேற. நீ பாத்தியா?"

"நான் ஒரு கொப்புளம்கூடப் பாக்கல. நீ எங்கூட வந்து படுத்த. இளநீ, நுங்கு எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு, உனக்குப் பொறுக்கல. மறுநா நீயும் சொறிய ஆரம்பிச்ச. கழுத்துல கொஞ்சம் வேர்க்குரு இருந்துச்சு. அம்மா பாத்துட்டு, ஐயோ சின்னவனுக்கும் போட்டுருச்சேன்னு அழுதா" என்றார்.

"புருவத்துல தழும்பு இருக்கே?"

"அது நீ சைக்கிள் கேரியர்ல இருந்து விழுந்தது. அதுக்கும் நான்தான் அடி வாங்குனேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல, இவனுக்கு ஒண்ணும் இல்லைன்னு" என்றேன்.

"சொன்னேன். யார் கேட்டா? நான்தான் உனக்குக் கொடுத்துட்டேன்னு அம்மா வீடு வீடாச் சொல்லிட்டா. மூத்தவன் வாங்கிட்டு வந்தான், சின்னவனுக்குக் கொடுத்தான். கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நெசமாவே கொடுத்துட்டேனோன்னு."

உன் பெரியப்பாவை உனக்குத் தெரியும். லீவில் வந்தால் தனி டம்ளர், தனித் தட்டு. சளி பிடித்தால் மொட்டை மாடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நீ குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்குவதற்கு முன் இரண்டு தடவை கை கழுவினார். ராணுவப் பழக்கம் என்று நாங்கள் எல்லாரும் கிண்டல் பண்ணுவோம். நானும்தான் பண்ணினேன். அது ராணுவத்தில் வந்ததில்லை, ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் வந்தது என்று அந்த போன் பேச்சில்தான் எனக்கு உறைத்தது.

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி என் ரத்தத்தில் இல்லை. டாக்டரிடம், 'அப்படின்னா எனக்கு வந்ததே இல்லையா?' என்று கேட்டேன். புற்று மருந்தால் அளவு குறைந்தும் போயிருக்கலாம், நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, ஆனால் வரவில்லை என்றே வைத்துக்கொண்டு நடப்போம் என்றார். நான் அதையும் அண்ணன் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். எனக்கு வரவில்லை. இருபத்தேழு வருடமாக என் அண்ணன், நான் வாங்கவே இல்லாத நோயை எனக்குக் கொடுத்தவராக இருந்திருக்கிறார்.

இது எனக்குக் கெட்ட செய்தி, அவருக்கு நல்ல செய்தி. ஒரே காகிதத்தில் இரண்டும். முதலில் எதை நினைப்பது என்று தெரியாமலே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா முதலில் சாமி படத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப உனக்கு இப்பப் போடுமா?" என்றார். போடலாம், போடாமலும் போகலாம், மூன்று வாரம் வரை பார்க்க வேண்டும், அதற்குள் தடுக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "அம்மாளுக்கு மாத்திரையா?" என்றார். வராத அம்மாளுக்குத்தான் என்றேன். செத்த நேரம் கழித்து அடுப்பங்கரையிலிருந்து, என்னிடமும் இல்லாமல் சுவரிடமும் இல்லாமல் ஒரு சொல் வந்தது: "பச்சப்பிள்ளை மூலமால்ல வந்து நிக்கிது."

நான் எழுந்துபோய் அண்ணனுக்கு போன் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். "சொல்லு" என்றேன்.

"என்னத்த?"

"அண்ணன் எனக்கு ஒண்ணும் கொடுக்கலன்னு சொல்லு."

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டார். அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். மே மாசம் லீவு கிடைக்குமா என்று கேட்டார். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். "சொல்லும்மா" என்றேன். "நான் விளையாட்டுக்குத்தானலே சொன்னேன் அப்பல்லாம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். நான்தான் சொன்னேன்: "அண்ணே, டெஸ்ட்ல இல்லைன்னு வந்துருச்சு. எனக்கு அம்மை வரவே இல்லை. நீ எனக்குக் கொடுக்கலை."

அவர் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "இப்ப உனக்கு ஆபத்தாலே?" என்றார். பார்ப்போம் என்றேன். "சரி. உனக்கு எது ஆனாலும் அந்தப் பயல்கிட்ட மட்டும் அப்படிச் சொல்லிராதீங்க. யாரையும் சொல்ல விடாத" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். மில்லில் ஒரு மெஷின் நின்றுபோனால் நாங்கள் காரணம் எழுதுவோம், எழுதும்போது ஆள் பெயர் போடக் கூடாது. உன் விஷயத்தையும் அப்படியே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் அம்மை நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தடுப்பூசி உண்டு, தனியாகக் கேட்டுப் போட வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. எனக்கு அது முன்பு வந்ததா என்று சிகிச்சை ஆரம்பிக்கும்போதே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. எண்ணிக்கை குறைவாக இருந்த வாரத்தில் ஒரு பெரிய ஆள், வேண்டாம் என்று தெரிந்தே, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஐந்து வயதுப் பிள்ளையைப் பார்க்கப் போனான். பிள்ளை செய்தது ஒன்றுதான்: தனக்குத் தெரிந்த ஒன்றைத் தன் அப்பாவுக்குச் செய்து காட்டியது. இதில் எங்கே தேடினாலும் உன் குற்றம் கிடைக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு வராது, ஒன்றே ஒன்று மட்டும். உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கலாம். அதற்குக் காய்ச்சல் வரும், அதிலிருந்து உனக்கும் வரும். அப்போது 'இவன்தான் கொடுத்தான்' என்று சிரித்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்லத் தோன்றும், எல்லார் வீட்டிலும் சொல்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்கிறார்களா என்று ஒரு தடவை கவனித்துப் பார். சொல்கிறவனுக்கு மறந்துவிடும். கேட்டவன் தனி டம்ளர் வைத்துக்கொள்வான்.

ஆறரை ஆகிவிட்டது. வெளியே மில் பஸ் ஹாரன் அடிக்கிறது. இனி நான் செய்யப்போவது:

1. இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை. ஒரு வேளைகூட விடாமல் முடிப்பேன். அம்மா வேப்பிலையையும் கூட வைத்தால், அதை வேண்டாம் என்று சொல்லிச் சண்டை போட மாட்டேன், மெல்லவும் மாட்டேன்.

2. காலை, மாலை காய்ச்சல் பார்ப்பேன். நூறைத் தாண்டினாலோ உடம்பில் ஒரு முத்து தெரிந்தாலோ, எந்த நேரமானாலும் மதுரைக்கு வண்டி. யாரிடமும் யோசனை கேட்க மாட்டேன்.

3. எட்டாவது ஊசியைத் தள்ளிவைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவுக்கு விடுவேன். ஏன் என்று கட்டாயம் கேட்பேன்.

4. உனக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றினாலும், டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வர மாட்டேன். நீ போனில் அழுதாலும் வர மாட்டேன். வராததற்கு நான்தான் காரணம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன்.

5. 'பிள்ளை மூலமா' என்று என் காது கேட்க யார் ஆரம்பித்தாலும், அம்மாவே ஆனாலும், பாதியில் நிறுத்துவேன்.

6. மே மாதம் அண்ணன் வரும்போது அம்மாவை அவர் முன்னால் உட்காரவைப்பேன். போனில் வராத சொல் நேரில் வருகிறதா பார்ப்போம். வராவிட்டால் அடுத்த லீவுக்கும் உட்காரவைப்பேன்.

7. இந்தக் கடிதத்தை மடித்து உன் அம்மாவிடம் கொடுப்பேன். எனக்கு ஏதாவது ஆனால் மட்டுமல்ல, ஒன்றுமே ஆகாமல் நான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் உன்னிடம் கொடுக்கச் சொல்வேன். நான் பிழைத்துவிட்டால் இதை எல்லாரும் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். உன் பெரியப்பாவிடமும் வேடிக்கையாகத்தான் சொன்னார்கள்.